சிவப்புக் காரும் டீசல் வேனும்: ஒரு ஜானவாசப் பயணம்

நடந்தால் பதினைந்து நிமிடத்தில் போய்விடக்கூடிய தூரத்துக்கு, கோட்டும் சூட்டும் போட்ட ஒரு மனிதனைத் திறந்த காரில் உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டு ஏன் அழைத்துப் போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. பல வருடங்களாகக் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று மாணவிகளிடம் சொல்லிப் பழக்கம் உண்டு. ஆனாலும் சென்ற தை மாதம் அப்படி ஒரு பயணத்தில் நானும் போனேன். மயிலாப்பூரில் ஜானவாசம் நடத்த இருப்பவர்களுக்கு, முக்கியமாக அதற்குக் கார் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு, பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஜானவாசம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்துவருவார்கள். முன்னால் நாதஸ்வரமும் தவிலும், இரண்டு பக்கமும் தலையில் காஸ் விளக்கு சுமந்தவர்கள், நடுவில் கார், பின்னால் பெண்கள். வேகத்தைத் தீர்மானிப்பது கார் அல்ல, நாதஸ்வரக்காரர். அவர் ஒரு ராகத்தில் நின்றுவிட்டால் காரும் நிற்க வேண்டும். அன்றைய தொல்லைகளில் பாதி இதனால் வந்தது.

கல்யாணப் பெண் வசந்தா, என் அண்ணாவின் மகள். மாப்பிள்ளை ரகு அதிகம் பேசாதவன். அவன் வீடு கிழக்கு மாட வீதி தெற்கில் முடியும் இடத்தில், மாடியில். அவன் அப்பா, அச்சகத்தில் பிழை திருத்துபவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கவாதம் வந்து ஒரு வருடமாகச் சாய்வு நாற்காலியும் கட்டிலுமாக இருக்கிறார். அந்த வீட்டு மாடிப்படி ஒரு ஆள் ஒருக்களித்து ஏறுகிற அகலம். அவரைக் கீழே இறக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் கல்யாணத்துக்கு அப்பா வர முடியாது.

ரகுவின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சீர் அது இதுன்னு நாங்க எதுவும் கேக்கலை. ஜானவாசம் மட்டும் எங்காத்து வாசலோட போகட்டும். பால்கனியில உக்காந்து பார்க்கறேன்னு சொல்லிண்டிருக்கார். ஆனா எட்டரைக்கு மாத்திரை. அதைப் போட்டுண்டுட்டா கால் மணியில தூங்கிடுவார். அதுக்குள்ள வந்துடணும்."

அண்ணா உடனே சரி என்றார். லஸ் முனைக்கு அருகில் உள்ள பிள்ளையார் கோயிலில் ஆரம்பித்து, குளத்தை ஒட்டி வந்து, வடக்கு மாட வீதி, கிழக்கு மாட வீதி, பிறகு தெற்கு மாட வீதியில் மண்டபம். மொத்தம் ஒன்றேகால் கிலோமீட்டர். ஆறரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு ரகுவின் வீட்டு வாசல். தாராளம் என்று எல்லோரும் நினைத்தோம்.

கார் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டவர் ரகுவின் சித்தப்பா ஜம்பு. அடையாறில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கார் என்றால் அவருக்கு உயிர். சொந்தமாக இருப்பது சைக்கிள். தன் மேலதிகாரியின் திறந்த காரைக் கேட்டு வாங்கியிருந்தார். இரண்டே இருக்கை, சிவப்பு நிறம், சோழவரம் கார்ப் பந்தயத்தில் ஓடியது. அதைப் பற்றி அவர் என் அண்ணா வீட்டில் விவரித்தபோது நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "அது நடை வேகத்துல போகுமா?"

"புரொபசர் மாமி," என்றார். நான் விரிவுரையாளர்தான் என்று பல முறை சொல்லியிருக்கிறேன். "எண்பது குதிரை சக்தி. எண்பது குதிரை பூட்டின ரதம் நடக்காதா?"

"எண்பதும் ஓடினாத்தான் எண்பது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், காப்பி வந்தது, பேச்சு மாறிவிட்டது.

நான் சொல்ல வந்தது இதுதான். குதிரை சக்தி என்பது ஒரு இன்ஜின் எவ்வளவு சீக்கிரம் வேலையை முடிக்கிறது என்ற கணக்கு. அது அச்சை எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பது வேறு கணக்கு. பாடத்தில் அதை முறுக்கு விசை என்போம். டிரைவர்கள் புல்லிங் என்கிறார்கள். அவர்கள் வார்த்தை நன்றாகவே இருக்கிறது. சமையலறையிலேயே இரண்டும் உண்டு. மோர் கடையும்போது மத்து பறக்கிறது, கையில் பாரம் தெரிவதில்லை. ஆட்டுக்கல்லில் உளுந்து அரைக்கும்போது குழவி மெதுவாகத்தான் சுற்றுகிறது, தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கிறது. கணக்குப் போட்டால் இரண்டிலும் குதிரை சக்தி ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் மத்தைக் கொண்டு உளுந்து அரைக்க முடியாது. பந்தயத்துக்குச் செய்த பெட்ரோல் இன்ஜின் மத்து ஜாதி. வேகமாகச் சுற்றினால்தான் அதன் பலம் வெளியே வரும். டீசல் இன்ஜின் குழவி ஜாதி. மெதுவாகச் சுற்றும்போதே முழு பலத்தோடு திருகும்.

ஊர்வலத்தன்று மாலை நான்கு மணிக்கு ஜம்பு காரோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். எனக்குத் திறந்த காரில் போய்ப் பழக்கமில்லை. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அடையாற்றுப் பாலத்தில் எதிரே வண்டி எதுவும் இல்லை. ஜம்பு ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். முள் அறுபது மைலைத் தொட்டது. இன்ஜின் ஒரே சுருதியில் பாடியது. வலது பக்கம் முகத்துவாரம், உப்புக்காற்று, தண்ணீர் முழுக்க வெயில்.

"எப்படி மாமி?"

"காத்து ஜாஸ்தியா இருக்கு" என்றேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.

பிள்ளையார் கோயில் வாசலில் பூ அலங்காரக்காரர் காத்திருந்தார். நாங்கள் உள்ளே அர்ச்சனை முடித்து வருவதற்குள், காரின் முன்பக்கத்தில் கம்பி வலை தெரியாதபடி சாமந்தியும் சம்பங்கியுமாகத் திரை போலக் கட்டி, நடுவில் ரோஜாவில் மாப்பிள்ளை பெயர் வேறு எழுதிவிட்டார். இருபத்தைந்து ரூபாய் அலங்காரம், குறை சொல்ல முடியாத வேலை.

"ஜம்பு, அது ரேடியேட்டருக்குக் காத்து போற வழி" என்றேன்.

"பூ வழியாப் போனா காத்து மணக்கும் மாமி" என்றார்.

ஆறரைக்குச் சரியாகக் கிளம்பினோம். ஜம்பு காரை ஓட்ட, ரகு பின்னால் மடித்த கூரைமேல் உயரமாக உட்கார்ந்திருந்தான். புது சூட்டில் அவன் தோள்கள் அவனுக்கே சொந்தமில்லாத மாதிரி இருந்தன. நாதஸ்வரக்காரர் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்தவர், அருமையாக வாசித்தார், அவசரமே படவில்லை. குளத்தங்கரை மூலையில் ஒரு கூட்டம் கூடிவிட, அங்கேயே ஒரு கால் மணி நேரம் நின்று வாசித்தார்.

நடக்கிற வேகத்தில் போக அந்தக் காருக்குத் தெரியவில்லை. முதல் கியரில் கிளட்ச்சை முழுக்க விட்டால் ஊர்வலத்தைத் தாண்டி ஓடப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் குலுங்கி நின்றுவிடும். அதனால் ஜம்பு கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி இன்ஜினை மட்டும் உறுமவிட்டுக்கொண்டு வந்தார். அப்படி ஓட்டினால் இன்ஜினின் பலத்தில் கொஞ்சம் சக்கரத்துக்குப் போகும், மீதி கிளட்ச் தட்டுகள் உரசி உரசிச் சூடாவதில் போகும். ஏழரை மணிக்கு வடக்கு மாட வீதியில் நுழைந்தபோது பூத்திரைக்குள்ளிருந்து ஆவி வந்தது. சாம்பிராணி என்று யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ரோஜாப் பெயரோடு பூத்திரையைக் கழற்றி, பாத்திரக்கடையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். கார் மறுபடி கிளம்பியது. ஆனால் கொஞ்ச தூரத்தில் குழாய் பதிக்கத் தெருவின் குறுக்கே தோண்டி, மணல் போட்டு மூடியிருந்தார்கள். தாழ்வான கார். முன்சக்கரங்கள் இரண்டும் மணலில் இறங்கிவிட்டன. ஜம்பு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். எண்பது குதிரையும் கனைத்தன. கருகல் வாடை, சீட்டுக்கு அடியிலிருந்து புகை. அதற்குப்பின் இன்ஜின் எவ்வளவு உறுமினாலும் சக்கரம் அசையவில்லை. கிளட்ச் போய்விட்டது.

சரிகை வேட்டி கட்டிய நான்கு மாமாக்கள் தள்ளிப் பார்த்தார்கள். ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மற்ற மூவரும் அவரைத் தாங்கிப் பிடிக்கிற சாக்கில் காரை விட்டுவிட்டார்கள். அப்போது மணி எட்டு.

"ரகு நடந்தே போகட்டுமே. அஞ்சு நிமிஷம்தான்" என்றேன்.

ஜம்பு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார். "அவன் நடந்து வர்றதைத்தான் எங்கண்ணா தெனமும் பார்க்கறாரே மாமி. அதுக்காகவா இன்னிக்குச் சட்டை மாத்திண்டு, திருநீறு இட்டுண்டு, மத்தியானத்துலேருந்து பால்கனியில உக்காந்திருக்கார்?" அவர் குரல் சரியாக இல்லை.

எங்களுக்குப் பின்னால் ஒரு வண்டி வெகுநேரமாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், எங்கள் கல்யாணச் சமையல்காரர் அமர்த்திய வேன்தான். கொத்தவால்சாவடியிலிருந்து மறுநாள் சமையலுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போகிற வழியில் எங்கள் ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் திறந்த டீசல் வேன். வாழைக்காய், கத்தரிக்காய் மூட்டைகள், மேலே பெரிய பெரிய பறங்கிக்காய்கள். டிரைவர் ஏழுமலை இறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மாப்ள காருன்றீங்க, மண்ணுல குந்திக்கினு கீது?"

"உங்க வேன் இதை இழுக்குமா?"

"இன்னா இப்டி கேட்டுட்டே. ஒரு தபா யானையே இஸ்த்துக்கினு போயிருக்கேன்."

"யானையையா?"

"உஸ்மான் ரோட்டுல ஒரு கடை வாசலுக்கும்மா. கல்லு யானை."

அதற்குமேல் நான் சந்தேகப்படவில்லை. ஜம்புதான் கும்பிடாத குறையாகத் தடுத்தார். "காய்கறி வண்டி இழுத்து ஜானவாசமா? நாளைக்கு மயிலாப்பூர்ல நான் தலை காட்ட வேண்டாமா?"

"தலைய நாளைக்கு காட்டு சாமி, மொதல்ல காரை வெளிய எடுக்கலாம்" என்றார் ஏழுமலை.

அப்போது ரகு காரின் மேலே இருந்தபடி பேசினான். அன்று சாயங்காலம் அவன் பேசியது அவ்வளவுதான். "சித்தப்பா, மணி ஆறது. அப்பா மாத்திரை போட்டுண்டுடுவார். கட்டச் சொல்லுங்கோ."

ஜம்பு தலையை ஆட்டினார். ஆனால் காய்கறியையாவது இறக்கிவிட்டுக் கட்டலாம் என்றார். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இன்ஜின் எவ்வளவு திருகினாலும், பின்சக்கரத்தின்மேல் பாரம் இல்லாவிட்டால் டயர் மணலில் வழுக்கிச் சும்மா சுற்றும். பறங்கிக்காய் அங்கேயே இருக்கட்டும் என்றேன். ஜம்பு தன் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துக் காய்களின்மேல் போர்த்தினார். இரண்டு காய்கள் மறைந்தன. மற்றவை காஸ் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தன.

வேன் ஓரமாக முன்னால் வந்து நின்றது. மூட்டை கட்டியிருந்த கயிற்றைக் கழற்றிக் காரில் கட்டினார்கள். மேளம் நிற்கும்போது வேனை நிறுத்தச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னை ஏழுமலைக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். அவர் கியரைப் போட்டார். கயிறு விறைத்தது. இன்ஜின் உறுமவில்லை, அதே தடதட சத்தம் கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தேன். சிவப்புக் கார் மணலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. மேலே ரகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பாரும்மா," என்றார் ஏழுமலை, "ஆக்ஸிலேட்டர்ல காலே வெக்கல. அதுவா போய்க்கினு கீது."

அது உண்மை. முதல் கியரில், தன் சொந்த நிதானத்தில், மனிதர் நடக்கிற வேகத்தில் வேன் போனது. அரை மணி நேரம் முன்னால் வரை நான் அப்படி ஒரு கார் கிடைக்காதா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்தார். "இந்தச் சத்தத்துல என்னத்தை வாசிக்கிறது?"

தவில்காரர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "வேனோட காலப்பிரமாணம் சுத்தமா இருக்குண்ணே, தாளம் தப்பல. நீங்க வாசிங்க" என்றார்.

கிழக்கு மாட வீதியில் கோபுரத்துக்கு எதிரே எல்லோரும் நின்று கும்பிட்டார்கள். எனக்குக் கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை. ஏழுமலையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஹாரனை ஒரு தரம் அடித்தார். நாதஸ்வரக்காரருக்கு அதன் அர்த்தம் புரிந்திருக்க வேண்டும், நடையைக் கூட்டினார்.

ரகுவின் வீட்டு வாசலில் வேன் நின்றபோது எதிர்க்கடையின் கடிகாரத்தில் எட்டு நாற்பது. பால்கனியில் விளக்கு எரிந்தது. சாய்வு நாற்காலியில் அவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ரகுவின் அம்மா குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். பிறகு அவர் கையை எடுத்து, தன் கையால் தூக்கி அசைத்தார். ரகு எழுந்து நின்று கும்பிட்டான்.

"பார்த்துட்டார், பார்த்துட்டார்" என்றார் ஜம்பு. கண்ணைத் துடைத்துக்கொள்ள அங்கவஸ்திரத்தைத் தேடினார். அது பறங்கிக்காய்மேல் இருந்தது.

எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்குக் கீழேயிருந்து தெரிந்தது அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும். அதில் காஸ் விளக்கின் வெளிச்சம் பட்டு மின்னியது. கண்ணாடி மின்னுவதால் அதற்குப் பின்னால் கண் திறந்திருக்கிறது என்று ஆகாது. அவருக்கு மாத்திரை எட்டரைக்கு.

ஒன்பது மணிக்கு மண்டபம் சேர்ந்தோம். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே ஏழுமலை கேட்டார். "அந்த காருக்கு எத்தினி குதிரைம்மா?"

"எண்பது."

"நம்ம வண்டிக்கு?"

"நாப்பது இருந்தா அதிகம்."

அவர் நம்பவில்லை. நான் பெண்பிள்ளை, தெரியாமல் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நாப்பதே போதும்மா, தீனி மிச்சம்" என்றார்.

இதேபோல் ஊர்வலம் நடத்த இருப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெரிய, பழைய, பளபளப்பில்லாத காராகப் பாருங்கள். முதல் கியரில் கிளட்ச்சை விட்டபிறகு குலுங்காமல் நடக்கிறதா என்று முன்னாலேயே தெருவில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பூவை எங்கே வேண்டுமானாலும் கட்டுங்கள், முன்பக்க வலைமேல் மட்டும் வேண்டாம். வழியை முதல் நாள் ஒரு தரம் நடந்து பாருங்கள். நாங்கள் முந்தின வாரம் பார்த்ததோடு விட்டுவிட்டோம், பள்ளம் அதற்குப்பிறகு வந்தது. நல்ல கயிறு ஒன்று இருக்கட்டும். எல்லாவற்றையும்விட, வர முடியாதவர் ஒருவர் வழியில் காத்திருந்தால் அவர் வீட்டு வாசலில் ஊர்வலத்தை ஆரம்பியுங்கள். கோயிலில் ஆரம்பிப்பதுதான் வழக்கம் என்பார்கள். பிள்ளையார் காத்திருப்பார், அவருக்கு மாத்திரை கிடையாது.

சிவப்புக் காரை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளட்ச் மாற்றி உரியவரிடம் ஒப்படைத்தாகிவிட்டது. ஜம்பு அதை மறுபடி கேட்டு வாங்கும் துணிச்சலோடு இருக்கிறார் என்று கேள்வி. அடையாற்றுப் பாலத்தைத் தாண்ட இன்னொரு முறை கூப்பிட்டால், வீட்டில் வேலை இல்லையென்றால், போவேன்.

மறுநாள் நடந்தது இது. முகூர்த்தம் காலையில் நல்லபடியாக முடிந்தது. சாப்பாட்டுக்குப்பின் ரகுவும் வசந்தாவும் அப்பாவை நமஸ்காரம் பண்ணக் கிளம்பினார்கள். கார் வேண்டாம் என்று ரகு சொல்லிவிட்டான். வெயிலில் நடந்தே போனோம். அவருக்கான கல்யாணச் சாப்பாட்டை அடுக்குக் கேரியரில் நான் எடுத்துப் போனேன். நேற்று அவர் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். போனபின் கேட்க மனம் வரவில்லை. அவர்கள் நமஸ்காரம் பண்ணினார்கள். அவர் இடது கையால் ஆசீர்வாதம் பண்ணினார். ரகுவின் அம்மா கேரியரைப் பிரித்து அடுக்குகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். சாதம், ரசம், மூன்றாவது அடுக்கில் பறங்கிக்காய்க் கூட்டு. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கோத்து, மெதுவாகக் கேட்டார்.

"நேத்திக்கு ஜம்புவோட அங்கவஸ்திரத்தைப் போத்திண்டு போச்சே, அதுதானே இது?"

கூட்டை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.